அண்ணனின் கிட்டாரில் பேசிய பெண்

என் அண்ணனை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘ஆவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி என்றதும் உங்களுக்குத் தோன்றுகிற ஆவி இல்லை. கட்டடத்தின் அடித்தளத்தில் சலவைக்கூடம் இருந்தது. ஆள் உயரத் துவைக்கும் இயந்திரங்கள், வெந்நீர்க் குழாய்கள், ஈர விரிப்புகளை இழுத்து அழுத்தி மறுபக்கம் சூடாகத் தள்ளும் உருளைகள். காலையில் கதவைத் திறந்தால் நீராவி முகத்தில் அடிக்கும். அதற்குள்ளிருந்து ஒரு கட்டு வெள்ளைத் துணியைச் சுமந்தபடி, உயரமாக, ஒல்லியாக, சத்தமே இல்லாமல் அண்ணன் வெளிப்படுவான். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் ஒருத்தி அலறியே விட்டாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அவன் ஓய்வு பெறும்வரை உதிரவில்லை.

அவனுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். பேச்சு குறைவு. நடந்தால் தரைக்குத் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவன், என்னோடும் என் கணவரோடும் மூன்றாம் மாடி வீட்டின் பின்னறையில் இருந்தான். விளம்பரப் பலகை எழுதுவது என் கணவருக்குத் தொழில். நான் தையல் சாமான் கடையில் பொத்தான் பிரிவில் நிற்பேன். “உங்கண்ணன் வீட்ல இருக்கானா இல்லையான்னு செருப்பைப் பாத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு” என்பார் என் கணவர். மச்சான்மேல் அவருக்குப் பிரியம். ஆனால் கேலி செய்யாமல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

சலவைக்கூடத்தில் விடிகாலை வேலை. மதியம் வீட்டுக்கு வந்துவிடுவான். உடம்பில் சோப்பும் சூடான பருத்தியும் கலந்த வாசனை வரும். சாப்பிட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கிட்டாரை எடுப்பான்.

அது எலக்ட்ரிக் கிட்டார். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அண்ணனிடம் விட்டுப் போனது. அவருக்கே அது எத்தனையாவது கையாக வந்ததோ. நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப் போகக் கருப்பு. வலது கை படுகிற இடத்தில் சாயம் போய் மரம் தெரியும். தலையில் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும் இருந்தது. வால்யூம் திருகைத் திருப்பினால் காய்ந்த சருகை மிதித்த மாதிரி கரகரவென்று சத்தம் வரும். வாசிக்காமல் சும்மா வைத்திருந்தாலும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும். நான் அந்த ரீங்காரத்திலேயே மதியத் தூக்கம் தூங்கிப் பழகிவிட்டேன்.

கிட்டாரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திரும்பினால், அந்த ரீங்காரத்துக்குள்ளிருந்து ஒரு பெண் பேசுவாள்.

முதல் தடவை அதைக் கேட்டபோது என் கணவர் தூரிகையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். மூன்று பேரும் ஆம்ப் முன்னால் குந்தி உட்கார்ந்தோம். தூரத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக:

“ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர். ஸ்டேஷன் வாசல்ல ஒரு அம்மா நிக்கிறாங்க. கையில கிளிக்கூண்டு. கிளி இல்ல, வெறும் கூண்டுதான். பாத்துக் கூட்டிட்டுப் போங்க.”

“சரிதான், ஆவிக்கு ஆவி பேசுது” என்றார் என் கணவர்.

விஷயம் எளிது. எங்கள் தெருவுக்குப் பின்தெருவில், பழைய ஓட்டலுக்கு எதிரே, ஒரு மாடியில் டாக்ஸி ஆபீஸ் இருந்தது. அதன் மொட்டைமாடி ஏரியல் அண்ணன் ஜன்னலிலிருந்து தெரியும். அங்கிருந்து வண்டிகளுக்கு ரேடியோவில் தகவல் சொல்கிற பெண் அவள். பழைய கிட்டாரின் உள்வயர்களுக்கு எந்த மறைப்பும் இல்லை. அதனால் அவள் பேச்சு வழிதவறி அதற்குள் நுழைந்துவிடுகிறது. டிரைவர்கள் பதில் சொல்வது கேட்காது. அவள் பேசுவாள், பிறகு ஒரு இடைவெளி, பிறகு “சரி சரி, கோவிச்சுக்காதீங்க” என்பாள்.

அந்த இடைவெளிகளில்தான் அண்ணன் வாசித்தான்.

வேண்டுமென்று ஆரம்பித்ததாகத் தெரியவில்லை. அவள் சொல்லி முடித்ததும் அவன் விரல் ஒன்றிரண்டு கம்பிகளைத் தொடும். அவள் மறுபடி பேச ஆரம்பித்தால் உள்ளங்கையால் கம்பிகளை அமர்த்திவிடுவான். பச்சைக் குடையோடு ஒருவர், மீன்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர், அழுகிற குழந்தையோடு சிரிக்கிற அப்பா ஒருவர் என்று அவள் ஆட்களை அடையாளம் சொல்லச் சொல்ல, அவர்கள் எல்லோரும் அந்தப் பின்னறை வழியாக நடந்து போவது போல இருக்கும். வெயில் சுவரில் மெல்ல நகரும். நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். கிளிக்கூண்டு அம்மாள் எத்தனையோ நாள் என் கனவில் வந்து போனாள்.

வேலை குறைந்த நேரத்தில் அவள் மைக்கின் பொத்தானை அழுத்தியபடியே மறந்துவிடுவாள் போல. அப்போது முனகலாக ஒரு பாட்டு கேட்கும். வார்த்தை இல்லாத பாட்டு. அண்ணன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டான்.

ஒரு மதியம் மட்டும் பாட்டு இல்லை. ரீங்காரத்துக்குள் வெறும் மூச்சு. பிறகு விசும்பல். நான் கதவோரம் நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்தான், “போ” என்று சொல்லவில்லை. கிட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிக மெல்ல வாசிக்க ஆரம்பித்தான். அவளுக்குக் கேட்காது என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சி, “நாலாம் நம்பர், சொல்லுங்க” என்று குரல் வரும்வரை நிறுத்தவில்லை. அன்றைக்கு அவன் தேநீர் ஆறிப்போய்விட்டது. சூடாக வேறு போட்டுக் கொடுத்தேன். அதுவும் ஆறிப்போனது.

அண்ணனுக்கு ஒரு சின்ன வாத்தியக்குழு உண்டு. டிரம்ஸ் வாசித்தவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். தூக்கத்தில்கூட “கிளட்ச், கிளட்ச்” என்று கத்துவாராம். அதனால் அவர் பெயரே கிளட்ச் ஆகிவிட்டது. பேஸ் கிட்டார் வாசித்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். வருஷக்கணக்காக மூன்று பேரும் கார் ஷெட்டில் தங்களுக்குத் தாங்களே வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி இருக்கையில் கிளட்ச் ஒரு வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். டாக்ஸி ஆபீசுக்கு எதிரே இருந்த அந்தப் பழைய ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேநீர் குடிக்க வருகிறவர்களுக்காக வாசிக்க வேண்டும். முதலில் ஒரு ஞாயிறு வாசித்துக் காட்ட வேண்டும்.

அந்த ஞாயிறு நானும் என் கணவரும் போயிருந்தோம். உயரமான ஜன்னல்கள், வெள்ளை மேஜைவிரிப்புகள், கப் சாசர் சத்தம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். மெதுவான பாட்டு ஒன்று. கடைசிப் பகுதிக்கு முன்னால் மூன்று பேரும் நிறுத்தி ஒரு மூச்சு விடுகிற இடம். அவர்கள் நிறுத்தினார்கள். ஹாலில் ஒரு ஸ்பூன் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் பெரிய ஸ்பீக்கரிலிருந்து கணீரென்று வந்தது:

“பதினோராம் நம்பர், அந்தப் பெரியவர் இன்னும் பாத்ரூம்லதான் இருக்காராம். ஹார்ன் அடிச்சு அவரை அவசரப்படுத்தாதீங்க.”

அவள் சொன்னது ஊரின் வேறு ஏதோ மூலையில் இருந்த பெரியவரைப் பற்றி. ஆனால் அதே நொடியில் ஓட்டல் கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் ஹாலுக்குள் வந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு மிகுந்த கௌரவத்தோடு மறுபடி உள்ளே போய்விட்டார்.

ஹால் அதிர்ந்தது. என் கணவர் மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். கிளட்ச் முகம் மட்டும் பிரேக் விளக்கு மாதிரி சிவந்துகிடந்தது.

ஓட்டல் மேனேஜர் நல்ல மனிதர். “பாட்டு பிரமாதம். டாக்ஸி மட்டும் வேண்டாம். அதைச் சரி பண்ணிட்டு வாங்க” என்றார்.

வெளியே வந்ததும் கிளட்ச் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். “எத்தனை வருஷமாச் சொல்றேன்? ஒண்ணு கிட்டாரை மாத்து, இல்ல உள்ள இருக்கறதை மாத்து. ரெண்டும் முடியாதுன்னா நீ டாக்ஸி ஓட்டப் போ, நானே கத்துத் தரேன்.”

கிட்டாரை மாற்ற அண்ணனுக்கு மனசு வரவில்லை. அதன் கழுத்து அவன் கைக்குப் பழகிவிட்டிருந்தது. அதனால் உள்ளே இருப்பதை மாற்றுவது என்று முடிவாயிற்று. சாமான் எல்லாம் தபாலில் வந்து சேர்ந்தன. ஒரு விடுமுறை நாள் காலையில் சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து, அதன்மேல் கிட்டாரைக் கிடத்தினான். ஆஸ்பத்திரிக்காரன் அல்லவா, சலவை செய்த துண்டு ஒன்றை அதன் தலைக்கு அடியில் மடித்து வைத்தான்.

“மயக்க மருந்து குடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டு, பலகைக்கு மின்விளக்கு பொருத்த வைத்திருந்த சால்டரிங் கம்பியை என் கணவர் எடுத்துக் கொடுத்தார்.

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினான். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டின் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்ட, நான் பொத்தான் பிரிக்கிற தட்டில் போட்டேன். தகட்டை மூடியைப் போலத் தூக்கினான். அதற்கு அடியில் மரத்தைக் குடைந்த பள்ளம். எத்தனையோ வருஷம் வெளிச்சம் படாத மரத்துக்கு ஒரு வாசனை உண்டு. மூடிவைத்த அலமாரியும் மெழுகும் கலந்த மாதிரி. அண்ணன் குனிந்து அதை முகர்ந்துகொண்டே வெகுநேரம் இருந்தான்.

தகட்டின் முதுகில் பிக்கப்புகள் மூன்றும் தொங்கிக்கொண்டிருந்தன. அதுவரை எனக்கு அது என்னவென்றே தெரியாது. காந்தத்தைச் சுற்றி மயிரிழையைவிட மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே கிட்டார்க் கம்பி அசைந்தால் அந்த அசைவு காந்தத்தில் பட்டு, செப்பில் மின்சாரமாக ஓடி, ஆம்புக்குப் போய்ச் சத்தமாக எழும். “இது காது மாதிரி” என்றான் அண்ணன். “ஆனா ஒத்தைச் சுருள். கம்பி அசையறதையும் கேக்கும், காத்துல போறதையும் கேக்கும்.”

புதிதாக வந்தவற்றில் இரண்டிரண்டு சுருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று எதிர்த்திசையில் சுற்றியது. வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடுமாம். பழைய அளவுக்கே செய்தவை என்பதால் தகட்டில் அதே இடங்களில் பொருந்தின.

பழைய வயர்கள் துணி சுற்றியவை. எது எங்கே போகிறது என்று ஒரு பழுப்புக் காகிதத்தில் படம் வரைந்துகொண்ட பிறகுதான் அண்ணன் முதல் வயரை வெட்டினான். கரகரத்த திருகுகளைக் கழற்றினான். சுவிட்சைக் கழற்றினான். தீக்குச்சித் துண்டு ஒன்றை ஆப்பாக வைத்து முன்பு யாரோ எதையோ இறுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. “நம்மாளு” என்றான், யாரென்றே தெரியாத அந்த ஆளை.

பிறகு பள்ளத்தின் உள்சுவர் முழுக்க மெல்லிய செப்புத்தாளை ஒட்டினான். விளிம்புமேல் விளிம்பு ஏற்றி, சேர்கிற இடமெல்லாம் ஈயப் பொட்டு வைத்தான். தகட்டின் முதுகிலும் அப்படியே. பள்ளம் விளக்கேற்றிய குட்டி அறை மாதிரி தகதகவென்று மாறியது. அதற்குள் எந்த ரேடியோவும் இனி நுழையாது. புதுத் திருகுகளையும் சுவிட்சையும் பொருத்தி, பிக்கப் வயர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தான். ஈயம் உருகி ஒரு கணம் கண்ணாடி மாதிரி மின்னும், பிறகு மங்கி இறுகும். சாம்பிராணி மாதிரி ஒரு புகை எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் சுருண்டது. கம்பிகள் வந்து முடிகிற இரும்புப் பாலத்துக்கு அடியில் ஒரு வயர் வர வேண்டும், அதைத் தொட்டால்தான் இரைச்சல் தரைக்கு இறங்கும் என்று சொல்லிக்கொண்டே அதையும் சேர்த்தான். மூடுவதற்கு முன்னால் ஆம்பை இணைத்து, ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினான். டொக், டொக், டொக். மூன்றுக்கும் உயிர் இருந்தது.

கம்பி மாட்டி வாசித்தபோது சுவிட்சின் ஓர் இடத்தில் மட்டும் சத்தம் ஒல்லியாக, சளிபிடித்தவன் பாடுகிற மாதிரி வந்தது. அண்ணன் முகம் விழுந்துவிட்டது. பழையபடி எல்லாவற்றையும் திறந்து காகிதத்தைப் பார்த்தால், ஓரத்துப் பிக்கப்பின் இரண்டு வயர்களை இடம் மாற்றி வைத்திருக்கிறான். சுவிட்சின் அந்த இடத்தில் சேர்ந்து ஒலிக்க வேண்டிய இரண்டு பிக்கப்புகளும் ஒன்றையொன்று இழுத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தன. சரிசெய்து மூடினான்.

இந்த முறை வாசித்ததும் நான் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டேன். அதே கிட்டார்தான், ஆனால் யாரோ ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டது போல இருந்தது. அடிக்கம்பி நெஞ்சில் வந்து நின்றது. மேல்கம்பி பனித்துளி மாதிரி.

வாசித்து முடித்து, கம்பிகளை அமர்த்தினான். ரீங்காரம் இல்லை. குழாயில் தண்ணீர் ஓடுவதும், கீழ்வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பதும் கேட்டன. அண்ணன் மெல்ல எழுந்து, கிட்டாரோடு ஜன்னல் பக்கம் திரும்பினான். இன்னும் கொஞ்சம் திரும்பினான். ஏரியல் அதே இடத்தில்தான் நின்றது.

“சுத்தமா இருக்கு” என்றான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் சரியாகச் சொல்லத் தெரியாமல்தான் சொல்கிறேன். ஓட்டல் வேலை உறுதியாயிற்று, கிளட்ச் சந்தோஷத்தில் மிதந்தார். அண்ணன் ஞாயிறுதோறும் போய் வாசித்துவிட்டு வந்தான். மற்ற நாள் மதியங்களில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் உட்கார்ந்திருந்தான். சலவைக்கூடத்தில் ஒருநாள் நினைவு எங்கோ இருக்க, டாக்டர்களின் கோட்டுகளைக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பிவிட்டான். குழந்தைகள் அதைப் போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் ஊசி போட்டு விளையாடியதாக ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. எனக்கும் மதியத் தூக்கம் போய்விட்டது. வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்தது.

“பேசாம அந்தப் பழசையே திரும்ப மாட்டிடேன்” என்றேன் ஒருநாள்.

தலையை ஆட்டினான். “வேணாம். அவங்களுக்குத் தெரியாமயே அவங்க பேச்சைக் கேட்டுட்டிருந்திருக்கேன். கேக்கறப்ப உறைக்கல. நின்னப்புறம்தான் உறைக்குது. அன்னிக்கு அவங்க அழுதாங்களே, அதை நான் கேட்டிருக்கக் கூடாது.”

அண்ணன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

“அப்ப தெரியற மாதிரியே கேளு” என்றேன். “அது டாக்ஸி ஆபீஸ்ண்ணா. போன் இருக்கு. யார் கூப்பிட்டாலும் பேசறதுதான் அவங்க வேலையே.”

நிலா பூமிக்கு இறங்கி வரும் என்று சொன்னதைப் போல என்னைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அது அவனுக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்றைக்குத்தான் தோன்றியது.

எங்கள் மாடிப்படிக்கு அடியில் பொது டெலிபோன் இருந்தது. நான் எண்ணைச் சுழற்றி ரிசீவரை அவன் காதில் வைத்தேன். பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் கேட்டது. தண்ணீருக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்ட மாதிரி, அவ்வளவு பக்கத்தில்.

“டாக்ஸி ஆபீஸ், சொல்லுங்க.”

அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான்.

“ஹலோ? மூச்சு விடறது கேக்குது. ஆள் இருக்கீங்கன்னு தெரியுது.”

“ஒரு... ஒரு டாக்ஸி வேணும்.” தெருப் பெயரையும் வீட்டையும் எப்படியோ சொல்லிவிட்டான்.

“எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது?”

“கையில கிட்டார் இருக்கும்” என்றான். சொன்ன பிறகு அதை எடுத்துவர மாடிக்கு ஓடினான்.

வண்டி வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். டிரைவரின் முன்னாலிருந்த பெட்டி கரகரத்து, அவள் பேசினாள்: “மூணாம் நம்பர், ஏத்தியாச்சா? கிட்டாரோட ஒருத்தர். குரலைக் கேட்டா பயந்தவர் மாதிரி இருக்கு, பதமா ஓட்டுங்க.”

அண்ணனின் காதுமடல்கள் சிவந்தன.

“எங்க போகணும் சார்?” என்று கேட்டார் டிரைவர்.

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். “உங்க ஆபீசுக்கு” என்றான் கடைசியில்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “அது பின்தெருவுல இருக்கு சார்.”

“தெரியும்.”

டிரைவர் மைக்கை எடுத்து, “பார்ட்டி உங்களைப் பாக்கத்தான் வராங்க போல” என்றார். வண்டி புறப்பட்டு, இரண்டு தடவை திரும்பி, நின்றுவிட்டது.

ஆபீஸ் மாடியில் ஒரே அறை. சுவரில் ஊர் வரைபடம், அதில் வண்ணக் குண்டூசிகள். மேஜைக்குப் பின்னால், கம்பளிச் சட்டையும் தடிமனான கண்ணாடியுமாகக் குள்ளமான ஒரு பெண், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம்.

“டாக்ஸி வேணும்னா கீழயே நிக்கலாமே.”

“டாக்ஸி வேண்டாங்க.”

“இங்க அது ஒண்ணுதான் இருக்கு.”

அண்ணன் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். பழைய பிக்கப், ஜன்னல், ஏரியல், ஓட்டலில் நடந்தது. பெரியவர் கதையைக் கேட்டதும் அவள் உதடு கொஞ்சம் துடித்தது. பிறகு மெல்ல மெல்ல முகம் மாறியது.

“எவ்வளவு நாளா?”

“ரொம்ப நாளா.”

“நான் பாடறது...”

“கேட்டிருக்கேன்.”

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “நான் அழுதது?”

பொய் சொல்லிவிடுவானோ என்று நான் பயந்தேன். சொல்லமாட்டானோ என்றும் பயந்தேன்.

“அன்னிக்கு நான் வாசிச்சிட்டே இருந்தேங்க. உங்களுக்குக் கேட்டிருக்காது. இப்ப உள்ள எல்லாத்தையும் மாத்திட்டேன். இனிமே கேக்காது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

மேஜைமேல் கிடந்த ஹெட்போனில் யாரோ ஒரு டிரைவர் கொசுக் குரலில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். “கீழ போங்க” என்றாள் அவள். கோபமா என்னவென்று தெரியவில்லை. நாங்கள் இறங்கினோம். வீடுவரை நடந்தோம். வழியில் அண்ணன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். “கண்ணாடி போட்டிருக்காங்க” என்றான். இத்தனை வருஷம் அவள் முகத்தை அவன் எப்படி எப்படியோ கற்பனை செய்திருக்க வேண்டும். ஆனால் கண்ணாடி இருந்திருக்காது போல.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். என் கணவர்கூடக் கேலியை நிறுத்திவிட்டார். அதுவே வீட்டில் என்னவோ போல இருந்தது.

மழை பெய்த ஒரு ஞாயிறு. ஓட்டல் ஹாலில் பாதி மேஜைகள் காலி. ஜன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழிய வழிய, உள்ளே வெளிச்சம் அலையடித்துக்கொண்டிருந்தது. நான் கடைசி மேஜையில் இருந்தேன். குடையை உதறிவிட்டு ஒரு பெண் உள்ளே வந்து தூணோரமாக உட்கார்ந்தாள். கம்பளிச் சட்டை, தடிமனான கண்ணாடி. அண்ணன் பார்த்துவிட்டான். வாசித்துக்கொண்டிருந்த பாட்டில் ஒரு தாளம் தவறியது. கிளட்ச் முறைத்தார்.

அந்தப் பாட்டு முடிந்ததும் அடுத்தது என்னவென்று மருந்துக்கடைக்காரர் கேட்க, அண்ணன் தனியாக ஆரம்பித்தான். அவள் முனகுவாளே, அந்த வார்த்தையில்லாத பாட்டு. புதுப் பிக்கப்பில், இரைச்சல் எதுவும் சுற்றாமல், அது முழுசாக எழுந்து நடந்தது. மருந்துக்கடைக்காரர் இரண்டு சுற்றுக்குப் பிறகு கூடவே சேர்ந்துகொண்டார். கிளட்ச் குச்சிகளை வைத்துவிட்டு, டிரம்முக்கென்றே உள்ள கம்பித் தூரிகையால் மழை மாதிரி வருடினார். நான் தூணைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

முடிந்ததும் அவள் எழுந்து நேராக மேடைக்கு வந்தாள்.

“மூணாவது வரி அப்படிப் போகாது” என்றாள்.

“எப்படிப் போகும்?”

அவள் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் பக்கமாகக் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகினாள். அவன் தலையை அசைத்துக் கேட்டு, கம்பியில் தேடினான். “இல்ல, இன்னும் கீழ” என்றாள். தேடினான். “ம். அதுதான்.” கிளட்ச் தூரிகையை அந்தரத்தில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கு அடுத்ததும். முன்பு ஒரு கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் போய், அந்த வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவள் என்பது பிறகு தெரிந்தது. அவர்கள் அவசரப்படவே இல்லை. அவசரப்பட்டது நாங்கள்தான். ஒருவழியாக ஒருநாள் ஆபீசில் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்து கிளட்ச் போட்டார். என் கணவர் பரிசாக ஒரு பலகை எழுதிக் கொடுத்தார்: ‘ஹார்ன் அடிக்காதீர்கள்’. அது அவர்கள் தனியாகக் குடிபோன வீட்டின் கழிப்பறைக் கதவில் இன்னும் தொங்குகிறது.

அண்ணி எங்கள் குடும்பத்துக்குள் வந்த பிறகுதான் எங்களுக்கெல்லாம் சத்தம் என்றால் என்னவென்று தெரிந்தது. ரேடியோவில் பேசிப் பழகியவள், எதையும் இரண்டு தடவை சொல்வாள். அண்ணன் ஒரு தடவைகூடச் சொல்லமாட்டான். கணக்கு சரியாகிவிட்டது. சண்டையும் உண்டு. சண்டை என்றால் அண்ணி பேசுவாள், அண்ணன் துணி மடிப்பான். ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு அவர்கள் வீட்டுத் திரைச்சீலைகள்கூட அலமாரியில் நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்ததை நானே பார்த்தேன்.

ஓட்டலில் பல வருஷம் வாசித்தார்கள். கிளட்ச் கண் பார்வை குறைந்து டிரைவிங் ஸ்கூலை விட்டபோது, குழுவும் மெல்லக் கலைந்தது. டாக்ஸி ஆபீசில் கம்ப்யூட்டர் வந்து, அண்ணியின் வேலை போயிற்று. அண்ணனும் ஓய்வு பெற்றான். இப்போது அவனுக்குக் காது மந்தம். ‘நான் இத்தனை வருஷம் கத்தினதுல பழுதாயிடுச்சு’ என்று அண்ணி சொல்கிறாள், கொஞ்சம் பெருமையாகவே.

பழைய டிரைவர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அவர்களுக்கு ஒரு சின்னப் படகைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆற்றோரம் ஒரு மரத்தில் கட்டியிருக்கிறது. இருவருக்கும் நீச்சல் தெரியாது, துடுப்பும் போடத் தெரியாது. ஒருநாளும் அதை அவிழ்த்ததில்லை. சாயங்காலம் போய் அதில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான். போன வாரம் என்னையும் கூப்பிட்டார்கள். ஏறினேன். “நீ கொஞ்சம் இந்தப் பக்கம் நகரு, சாயுது, நகரு” என்றாள் அண்ணி. நகர்ந்தேன். நீரோட்டம் படகை இழுத்துப் பார்க்கும், கயிறு விறைக்கும், மறுபடி தளரும். அக்கரை வெளிச்சம் தண்ணீரில் கலைந்து கலைந்து சேர்ந்தது. அண்ணன் எதிர்ப்பலகையில் சாய்ந்து, ஒரு கையைத் தண்ணீரில் விட்டபடி தூங்கிப்போயிருந்தான். அண்ணி என்னிடம் ஏதோ பக்கத்து வீட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் கண் சொக்கியது. எங்கோ போய்க்கொண்டிருக்கிறோம் என்றே தோன்றியது.